புள்ளிக் கண்ணாடியில ஒட்டின கேமரா

அய்யோ, அது பல்லி எச்சம் இல்ல சார். பசை. தைரியமாத் தொட்டுப் பாருங்க. மூணு விதமான பசை, ஒண்ணு மேல ஒண்ணு. இன்ஷூரன்ஸ்ல இருந்து சர்வேயர் வர்றாருன்னு சொன்னதும் நேத்து சாயங்காலம் முழுக்க உக்காந்து சுரண்டினேன், போவேனாங்குது. ஆமா, அடிபட்டது பின்பக்கந்தானே, முன்கண்ணாடிய எதுக்கு எடுக்கறீங்க? ஓ, சுத்தி எல்லாப் பக்கமும் எடுக்கணுமா. எடுங்க, எடுங்க.

அவரா? ஆர்சி புக்க ஜெராக்ஸ் போடப் போயிருக்காரு. கடை தெருமுனையிலதான். ஆனா எங்க வீட்டுக்காரர் போனா அவ்ளோ சீக்கிரம் வந்துட மாட்டாரு. வழியில எந்த வீட்லயாவது டைல்ஸ் வேலை நடந்தாப் போதும், உள்ள பூந்து, மட்டம் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். இருபத்தேழு வருஷம் டைல்ஸ் ஒட்டினவரு சார். நான் ஒட்டின கல்லு ஒண்ணு விழுந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும் பாக்கலாம்னு அடிக்கடி சொல்வாரு. யாரும் கேக்காமலேயே சொல்வாரு.

ஆமா சார், மேல தொங்குதே, அதான் கேமரா. வண்டி ஓடறப்ப ரோட்டப் படம் புடிச்சுக்கிட்டே இருக்கும். வீடியோவா? அதச் சொல்றேன் இருங்க. மொதல்ல இது ஒட்டின கதையக் கேளுங்க. இல்லன்னா உங்களுக்கு எதுவும் விளங்காது. நிக்காதீங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நூலு ஒட்டியிருக்கும், தட்டிட்டு உக்காருங்க. திரைச்சீலை தைக்கிற வீடு, எங்க கை வெச்சாலும் நூலுதான்.

என் தம்பி வாங்கிக் குடுத்தான் சார் இத. மச்சான் வாங்கிக் குடுத்த பொருளு, அதுவும் ஒட்டற பொருளு. எங்க வீட்டுக்காரர் கைய மடிச்சு விட்டுக்கிட்டு வந்துட்டாரு. தள்ளுங்க, இதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷ வேலைன்னாரு. டப்பாவுல ஒரு ரப்பர் கிண்ணம் இருந்துச்சு. கண்ணாடியில வெச்சு அமுக்கினா காத்து வெளிய போயி கெட்டியாப் புடிச்சுக்கும்னு போட்டிருந்துச்சு. அமுக்கினாரு. புடிச்சுது. பெருமையா என்னப் பாத்தாரு. வண்டி தெருவத் தாண்டல, ஒரு வேகத்தடை வந்துச்சு, டொப்னு மடியில விழுந்துச்சு. அவரு, உன் தம்பி மட்டமான சரக்கு வாங்கியிருக்கான்னாரு. இத்தன வருஷத்துல என் தம்பி வாங்கின எதுவும் அவருக்கு உசத்தியா இருந்ததில்ல, அத விடுங்க.

ரெண்டாவது, டப்பாவுல இருந்த ரெட்டைப் பக்க டேப்பு. அது ரெண்டு நாளு நின்னுச்சு. மூணாம் நாளு மத்தியானம் வெயில்ல வண்டி நின்னுச்சு பாருங்க, வந்து பாத்தா கேமரா கீழ மல்லாந்து கெடக்கு. டேப்பு பாதி அதோட, பாதி கண்ணாடியோட.

கீழ வழவழன்னு எடம் இருக்கேன்னு நானும் சொன்னேன் சார். நீங்க நெனைக்கிறது சரிதான். ஆனா கீழ ஒட்டினா ரோட்ட மறைக்குது. நான் வேற கொஞ்சம் குள்ளம். மேல ஏத்தினா இந்தக் கறுப்புப் புள்ளி வெச்ச பட்டை. போன வருஷம் கல்லடிச்சு முன்கண்ணாடி போயி, வேற மாத்தினோம். பழசுல இந்தப் பட்டை ரெண்டு வெரல்தான் இருந்துச்சு. இதுல பாருங்க, நடுவுல, பின்னாடி பாக்கற கண்ணாடிக்குக் கீழ வரைக்கும் எறங்கி வந்து நிக்குது.

அப்புறம் என்ன, மானப் பிரச்சினை ஆயிடுச்சு. பாத்ரூம் மூலைக்கு அடைக்கிற சிலிக்கான் இருக்குல்ல, அத எடுத்துட்டு வந்தாரு. வெள்ளையா ஒரு உருண்டை வெச்சு அமுக்கினாரு. ஒரு நாள் பூரா காயணும்னு ஊருக்கெல்லாம் சொல்ற மனுஷன், தனக்குன்னு வந்ததும் பொறுமை போயிடுச்சு. ஒரு மணி நேரத்துல வண்டிய எடுக்கச் சொல்லிட்டாரு... எடுத்தாச்சு. அது விழல சார். அதான் கொடுமை. நத்தை மாதிரி எறங்க ஆரம்பிச்சுது. ஒவ்வொரு சிக்னலுக்கும் அரை அங்குலம். பின்னாடி வெள்ளையா கோடு வேற. வீடு வந்து சேர்றப்ப ஸ்டீரிங்குக்கு நேரா வந்து என்ன மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது. சிரிக்கக் கூடாதுன்னு வாய்க்குள்ள முந்தானைய வெச்சு அடைச்சுக்கிட்டேன். அந்தக் கோடுதான் நீங்க மொதல்ல பாத்தது.

நாலாவது, ஒரு சொட்டு வெச்சா ஒட்டிக்கிற பசை. ஒட்டிச்சு. மொதல்ல அவரு வெரலு ஒட்டிச்சு, அப்புறந்தான் கேமரா. அந்தப் பசை காஞ்சா மொறுமொறுன்னு ஆயிடும் போலருக்கு. வண்டி ஆடற ஆட்டத்துல அப்பளம் மாதிரி நொறுங்கி, நாலு நாள்ல அதுவும் கீழ. அன்னிக்கு ராத்திரி மனுஷன் சரியாச் சாப்புடல. நான் எதுவும் கேக்கல, அவராச் சொன்னாரு, கல்லு வேற, இது வேறன்னு.

மறுநாளு அவரு தூங்கறப்ப நான் ஒரு துணிய எடுத்துக்கிட்டு கண்ணாடியத் தொடைக்கப் போனேன். தொடைக்கிறப்ப கையில சொரசொரன்னு தட்டுப்பட்டுச்சு. இங்க வாங்க, வெரல வெச்சுத் தடவுங்க. தெரியுதா? அந்தக் கறுப்புப் புள்ளி ஒவ்வொண்ணும் மேடா இருக்கு. பாக்கறதுக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு, தொட்டாத்தான் தெரியுது. குண்டூசி குத்தி வெச்ச மெத்தை மேல துணிய விரிச்சா எப்படி இருக்கும்? துணி ஊசித் தலையிலதான் படும். நடுவுல எல்லாம் காத்து. அந்த மாதிரிதான் அந்த ஒல்லி டேப்பு வெறும் புள்ளித் தலைகளத் தொட்டுக்கிட்டு நின்னிருக்கு. ரப்பர் கிண்ணத்துக்கும் அதே கதிதான், சந்துல காத்து பூந்துடுது. தம்பி சரக்கும் மட்டமில்ல, இவரு கையும் மட்டமில்ல. எடந்தான் அப்படி.

என்ன பண்ணினேனா? மெத்துனு இருந்தாத்தானே பள்ளத்துக்குள்ள எறங்கும்! கடைக்குப் போயி கனமான பஞ்சு டேப்பு வாங்கினேன், அமுக்கினா உள்வாங்குற மாதிரி. பழைய பசைக்குப் பக்கத்துல புது எடமாப் பாத்து, ஸ்பிரிட் போட்டு நல்லாத் தொடச்சேன். தூசி, எண்ணெப் பிசுக்கு, ஒண்ணும் இருக்கக் கூடாது. அப்புறம் மக விட்டுட்டுப் போன தலைமுடி காய வைக்கிற மிஷின்ல கண்ணாடிய வெதுவெதுன்னு சூடு பண்ணினேன். டேப்பையும் லேசாக் காட்டினேன். வெச்சு, நூறு எண்ற வரைக்கும் கட்டை வெரலால அமுக்கிப் புடிச்சேன். கேமராவ மாட்டவே இல்ல. வெறும் தாங்கிய மட்டும் ஒட்டிட்டு ஒரு நாளு முழுக்க விட்டுட்டேன். மறுநாளுதான் மாட்டினேன். ஆச்சு, ஒரு மாசம் ஆகப் போவுது. பின்னாடி அவ்ளோ பெரிய இடி வாங்கியும் அசையல பாருங்க. இழுத்துப் பாருங்க சார். பயப்படாதீங்க, இழுங்க. பாத்தீங்களா?

அவருக்கு வருத்தமா? இல்லாமலா. அன்னிலேருந்து வண்டியில ஏறினா எறங்கினா அந்த கேமராவப் புடிச்சு ஒரு இழு, ஒரு திருகு. சும்மா செக் பண்றேன்னு சொல்வாரு. எனக்குத் தெரியாதா, விழுந்துடாதான்னு ஒரு ஆசை! போன வியாழக்கெழமையும் அதான் நடந்துச்சு. பின் சீட்டுல திரைச்சீலை மூட்டை, ஒரு ஆஸ்பத்திரிக்குக் குடுக்கணும், பதினெட்டு ஜன்னலு. கெளம்பறப்ப ஏறி உக்காந்ததும் வழக்கம்போல ஒரு திருகு திருகினாரு. தாங்கி அசையல. கேமரா தலை மட்டும் சுத்திடுச்சு. உள்பக்கமாத் திரும்பிடுச்சு. ரெண்டு பேரும் கவனிக்கல.

ஆமா சார். அதனால வீடியோவுல ரோடு இல்ல. நாங்கதான் இருக்கோம்.

இருங்க, அவரு போன்ல உங்ககிட்ட கேமரா ஓடவே இல்லன்னுதான் சொன்னாரு. தெரியும். பக்கத்துலதான் நின்னேன். படம் பதியற மெமரி கார்டையும் கழட்டி, எங்கயாவது தூக்கிப் போடுன்னு என் கையில குடுத்தாரு. என் ஊசி டப்பாவுல இருக்கு. போன்லயும் ஏத்தி வெச்சிருக்கேன். பதினோரு தடவ பாத்துட்டேன்.

பயந்துடாதீங்க, அசிங்கமா ஒண்ணும் இல்ல. இதோ, பாருங்க. சத்தத்தக் கொஞ்சம் கூட்டறேன். எடது சீட்டுல உக்காந்து மேல புடியப் புடிச்சுத் தொங்கறாரே, அவருதான். பாத்துப் போ, பாத்துப் போன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு பாருங்க. இப்ப கேளுங்க, ஏய் ஏய்னு கத்தி கண்ண மூடிக்கிட்டாரு. ரோட்டுல கோடு போட்டிருக்கிற எடத்துல ஒரு பொண்ணு தள்ளுவண்டியில கொழந்தையோட கடந்தா. நான் தூரத்துலயே பாத்துட்டேன். மெதுவாத்தான் நிறுத்தினேன், வண்டி குலுங்கக் கூட இல்ல பாருங்க. பின்னாடி வந்த வேன்காரன்தான் எங்கயோ பாத்துக்கிட்டு வந்து... இதோ, இந்தச் சத்தம். மூட்டை வந்து எங்க தலையில விழுந்துச்சு.

ஆமா சார், ஸ்டீரிங்குல நான்தான்.

லைசன்ஸ் இருக்கு, இருக்கு. இதோ. அன்னிக்கு அதுக்கு வயசு இருபத்திரெண்டு நாளு. மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். அவரு வந்ததும் பாருங்க, எடது கால இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. தரையில மண்டி போட்டே ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. கிளட்ச் மிதிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பின்ன மூட்டைய யாரு கொண்டு போறது? நாப்பத்தொம்பது வயசுல நான் எல் போர்டு மாட்டினேன். ஆனா அன்னிக்கு அந்த முட்டியோட மனுஷன் வண்டியச் சுத்தி வந்த வேகம் இருக்கே! வேன்காரன் எறங்கறதுக்குள்ள என்ன வெளிய இழுத்து விட்டுட்டு, என் கதவுல கைய ஊனிக்கிட்டு நின்னு, நான்தான் ஓட்டினேன், என்ன இப்போங்கறாரு. அதையே உங்க ஃபாரத்துலயும் எழுதிட்டாரு. புது லைசன்ஸுன்னா எல்லாரும் உன் மேலதான் பழி போடுவாங்க, நீ பேசாம இருன்னாரு.

என்னக் காப்பாத்தறாராம். எனக்குப் புரியாம இல்ல சார். இப்ப இந்த எடத்தக் கேளுங்க, இதுக்காகத்தான் பதினோரு தடவ. மூட்டையத் தள்ளிட்டு மொதல்ல, அடி பட்டுச்சான்னு கேக்கறாரு. அப்புறம் முன்னாடி பாக்கறாரு. அந்தப் பொண்ணு தள்ளுவண்டியோட அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டா. கேட்டுச்சா? மெதுவாத்தான் சொல்றாரு. நல்லாத்தான் நிறுத்துனே.

இருபத்தாறு வருஷக் குடித்தனம் சார். எல்லா வேலையிலயும் ஒரு மட்டம் சரியில்லம்பாரு. மொதத் தடவையா ஒண்ணு நல்லாருக்குன்னு சொன்னாரு, சொன்ன கையோட அதையும் அவரு பேர்ல எழுதிக்கிட்டாரே!

பொய்யா எழுதினா நீங்க மொத்தத்தையும் தள்ளிடுவீங்கன்னு மக சொன்னா. அதுவும் ஒரு காரணந்தான், இல்லங்கல. ஆனா அது ரெண்டாவது. அந்த ஃபாரத்த எடுங்க. வண்டி ஓட்டியவர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல அவரு பேர அடிச்சுட்டு என் பேர எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.

கேட் சத்தம் கேக்குதே, அவருதான். வரட்டும் சார். பேனாவ எதுக்கு மூடறீங்க? அவரு எதிர்லயே எழுதுங்க.