எடுக்காமல் விட்ட பெரிய குஞ்சு

மீன் வாங்கத் தெரியாதவள் நான். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் கூடை இறக்கும் முனியம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கூச்சம், பேரம் பேசக் குரல் வராது. மற்றவர்கள் தொட்டுப் பார்த்து ஒதுக்கிய மீனெல்லாம் ஒழுங்காக என் பைக்கு வந்து சேரும். அப்படிப்பட்டவளிடம் உங்கள் கல்லூரி விரால் குஞ்சுகளை ஒப்படைத்திருக்கிறது என்றால், சாமுண்டீஸ்வரி மேடம், தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது. சும்மா சொன்னேன். முழுக்க என்னுடையதுதான். அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். ஃபேன் சுமாராகத்தான் சுற்றும்.

ஸ்வாதி மீன்வள அறிவியல் சேர்ந்த புதிதில் தெருவே சிரித்தது. "இன்னா பாப்பா, உன் தங்கச்சி மீனுக்குப் படிக்குதாமே. இந்தக் காரப்பொடி மீனு எத்தினியாவது பாஸுன்னு கேட்டு சொல்லு" என்பாள் முனியம்மா. எங்கள் நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போகிறவர். "மீன் புடிக்கிறதுக்கு இன்னாத்துக்கும்மா நாலு வருசம்? வலை போதாதா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பட்டறை முழுக்க அவரே இனிப்புக் கொடுத்தார். நான் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை.

அம்மா இறந்ததும் தங்கையை வளர்ப்பதற்காக ரோஷினி படிப்பை விட்டாள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அம்மா படுக்கையில் விழுவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மீன் மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். பிறகு அம்மா இறந்தாள், எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. நான் அதை மறுத்ததே இல்லை. ஸ்வாதிக்குத் தலை பின்னி, சோறு கட்டி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு அக்கா வேண்டியிருந்ததைவிட எனக்கு ஒரு தங்கை அதிகம் வேண்டியிருந்தது.

கடைசி வருடத்தில் மொட்டைமாடியில் விரால் வளர்ப்பதை ப்ராஜெக்டாக எடுத்தாள். நீங்கள்தான் வழிகாட்டி. தார்ப்பாய்த் தொட்டி எங்கள் மாடியிலேயே வந்து உட்கார்ந்தது. தண்ணீர் மாற்றுவது, துள்ளி வெளியே விழாமல் வலை கட்டுவது, எல்லாம் விடுதியிலிருந்து வாரக் கடைசியில் வரும்போது கற்றுக்கொடுத்தாள். முக்கியமான வேலை ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாததா. விரால் குஞ்சுகள் ஒரே தாய்க்குப் பிறந்தாலும் ஒரே மாதிரி வளராது. ஒன்று கொஞ்சம் முந்திவிட்டால் பக்கத்தில் நீந்துவதை விழுங்கத் தொடங்கிவிடும். அதனால் முந்துகிறதை உடனே எடுத்து வேறு தொட்டியில் விட வேண்டும். எங்கள் வீட்டுக் காய்கறிக் கூடையே அதற்குப் போதும். அள்ளினால் சின்னது கூடைக் கண் வழியாக நழுவிவிடும், பெரியது தங்கிவிடும்.

நான் அதை நன்றாகச் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த வேலைகள் அதிகம் இல்லை.

ஒரு சாயங்காலம் டீயில் பொறை தோய்த்தபடி ஸ்வாதி சொன்னாள். "இது மட்டும் நல்லா வந்துட்சின்னா மேல்படிப்பு தூத்துக்குடிக்கா. அப்பறம் எங்க வேல கெடைக்கிதோ அங்க."

"நானு?" என்று கேட்டேன்.

"நீ இன்னா, இங்க நைனாவப் பாத்துக்கினு இரு. லீவுக்கு வர்றேன்ல."

பொறை டீயில் விழுந்துவிட்டது. ஸ்பூனால் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் களப்பயிற்சிக்காகக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போனாள். தொட்டியில் என்ன நடக்கிறது என்று தினமும் போனில் நான் சொல்ல வேண்டும், அவள் அங்கிருந்தே குறித்துக்கொள்வாள். முதல் நாளே கூடையில் ஒரு பெரிய குஞ்சு வந்தது. வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கூடையை அதே தண்ணீரில் கவிழ்த்துவிட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். விஷம் வைக்கவில்லை. வலையை அறுக்கவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். அதில் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நல்ல பழக்கம்.

"பெரிசுங்கள எடுத்துட்டியாக்கா?"

"எடுத்துட்டேன்டி."

"எத்தினி செத்துச்சி?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஜோரா கீது."

அந்தப் பக்கம் அவள் சந்தோஷமாகச் சிரிப்பாள். என்னால் ஒருத்தியைச் சிரிக்க வைக்க முடிகிறதே என்று எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். கூட்டத்தில் வராத குரல் போனில் எவ்வளவு சரளமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். குஞ்சுகள் புழுவை விட்டுவிட்டு மாவுத்தீனிக்குப் பழகிவிட்டன என்றுகூடச் சொன்னேன். யாரும் கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்தது.

பிறகு, பயிற்சி முடிந்து திரும்பிய ஸ்வாதியை அழைத்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். கல்லூரியிலிருந்து இன்னும் இரண்டு பேர் உங்களோடு வந்திருந்தார்கள். ஸ்வாதியின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வலையைத் தூக்கினீர்கள். உள்ளே வயிறு உப்பிய ஐந்தாறு மீன்கள் சோம்பலாகத் திரும்பின. இல்லாத குஞ்சுகளை இருப்பதாக எழுதினாயா என்று அவளைக் கேட்டீர்கள். அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையில் காபித் தட்டோடு நின்றேன்.

அக்கா சொன்னதைத்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான்தான் மேடம், சரியா பாக்காம எழுதிட்டேன்" என்றாள். முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் என்னைக் கேள்வி கேட்டால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் காபியை எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்கள் சர்க்கரை குறைவு என்றீர்கள்.

பொய்க் கணக்கு எழுதியவள் என்று அவளை வகுப்பிலிருந்து நிறுத்தினீர்கள். விடுதியிலிருந்து பெட்டியோடு வந்தாள். அன்றைக்கு வஞ்சரம் வாங்கினேன், முதல் முறையாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து. "இன்னா விசேசம்?" என்றாள் முனியம்மா. தங்கச்சி வந்திருக்கிறாள் என்றேன்.

அவள் அறையை விட்டு வரவில்லை. சாப்பிடவும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு அவள் கற்றுக்கொடுத்ததே நினைவுக்கு வந்தது. உயிருள்ள புழு தின்று பழகிய விரால் குஞ்சு மாவுத்தீனியைத் தொடாது. வற்புறுத்தக் கூடாது. பழைய தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும். பசிக்க விட வேண்டும். வேறு எதுவும் கிடைக்காது என்று புரிந்தால் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும்.

அவளுடைய போன் மாடித் தொட்டியில் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்றுதான் அவளுக்குச் சொன்னேன். சிநேகிதிகள் நைனாவின் போனுக்குக் கூப்பிட்டால் தூங்குகிறாள் என்றேன். முகமது ஆசிக் என்று அவளோடு படிக்கும் பையன் ஒருவன் பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வந்தான்.

"ரெண்டு நிமிசம் பாத்துட்டுப் போயிட்றேன்க்கா. காலேஜ் கமிட்டி அவ சொல்றத மறுபடியும் கேக்குதாம். திங்கக்கிழம கண்டிப்பா வரச் சொல்லுங்க. அவ பொய் எழுதுற ஆளு இல்ல, எங்களுக்குத் தெரியும்."

"சொல்றேம்பா" என்றேன். மோர் கொடுத்தேன். நல்ல பையன், தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை ஸ்வாதி தூங்கிக்கொண்டிருந்தாள். சளிக்குக் கொடுக்கிற மாத்திரைதான், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். பாலில் பொடித்துப் போட்டால் கசப்பு தெரியாது, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அன்றைக்கு ஒரு நாளுக்கென்றுதான் தொடங்கினேன். தூங்கி எழுந்தவளுக்கு நல்ல பசி. என் கையால் உருட்டிக் கொடுத்த சோற்றைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டவள் இல்லை. அதை எப்படி நிறுத்துவது, சொல்லுங்கள். நைனா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, "கொயந்த நல்லா ரெஸ்ட் எடுக்குது" என்று அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவார்.

அவள் வராததால் பயந்து நீங்களே ஆவடி வரை தேடி வந்திருக்கிறீர்கள். நல்ல மனசு. இப்போது உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. நான் முன்பே இப்படிப் பேசியிருந்தால் எங்கேயாவது டீச்சராகியிருப்பேன்.

ஸ்வாதி பொய் எழுதவில்லை. பொய் சொன்னது நான், குஞ்சுகளை விழுங்க விட்டதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள், தூத்துக்குடிக்கும் அனுப்புங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவள் நல்லதைத் தவிர நான் எதையும் நினைத்ததில்லை.

கதவைத் தட்ட வேண்டாம், மேடம். பால் குடித்து இப்போதுதான் படுத்தாள். பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவாள். எழுந்ததும் அவளையே கேளுங்கள், யாரோடு இருக்க விருப்பம் என்று. என் பெயரைத்தான் சொல்வாள். வேறு யார் பெயரும் இப்போதெல்லாம் அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வருவதில்லை.