வெட்டிய பூட்டு

— கோட்டத் தாண்டாத. செருப்புக் காலோட கழுவுற ரூமுக்குள்ள வராதன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு.

— சரிக்கா, இங்கயே நிக்கிறேன். ஆபரேஷன் சாமான் பெட்டிதான் கைக்கு வந்துருச்சே, அப்புறம் என்ன? அம்மா மேல வார்டுல காத்துக்கிட்டிருக்கு.

— வந்துச்சு. திறந்தும் பாத்துட்டேன். உங்க கம்பெனி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வாடகைக்கு விடுற லட்சணத்த நீயே பாரு. இந்தக் குழாய வெளிச்சத்துல புடிக்கிறேன், உள்ள என்ன தெரியுது சொல்லு.

— கறுப்பா ஏதோ ஒட்டியிருக்கு. துருவா?

— துருவாம். ரத்தம்டா. யாரோட ரத்தமோ, யாரோட எலும்புத் தூளோ, காஞ்சு கல்லாட்டம் கிடக்கு. இதத்தான் அம்மாவோட இடுப்பு எலும்புக்குள்ள விடணுமா?

— ஆவி மெஷின்ல வச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்னு நீதானக்கா சொல்லுவ.

— கழுவினத வச்சா சாகும். கழுவாதத வச்சா வெந்து இன்னும் கெட்டியா ஒட்டிக்கும். இத ஊற வச்சு, பிரஷ் விட்டுத் தேய்ச்சு, கழுவி, ஆவில வச்சு எடுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். அப்பவும் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

— டாக்டர் மத்தியானமே ஊருக்குக் கிளம்புறாரு. இன்னிக்கு விட்டா ஒரு வாரம் ஆகும்.

— தெரியும்.

— அது வந்துக்கா... வேற பெட்டியும் இல்ல. கம்பெனில கேட்டுட்டேன், எல்லாம் வெளிய போயிருக்கு. அம்மா நெஞ்சுல சளி கட்ட ஆரம்பிச்சிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க. படுத்தே கிடந்தா தாங்காதுக்கா. உன் கால்ல வேணா விழறேன், இந்த ஒரு தடவ கண்ண மூடிக்க.

— எனக்கு மட்டும் அம்மா இல்லையா? இன்னிக்கு ஆபரேஷன்னு சொல்லிப் பச்சத் தண்ணி குடுக்காமப் போட்டு வச்சிருக்கோம். காலைல என் கையப் புடிச்சுக்கிட்டு, இன்னிக்காவது முடிச்சிருவாங்களாடின்னு கேக்குது. ஆமாம்மான்னு சொல்லிட்டு வந்து நிக்கிறேன். ஆனா இத உள்ள விட்டா சீழ் புடிக்கும்டா. அப்புறம் காலையே எடுக்கணும்பாங்க. அத என் கையால செய்ய மாட்டேன்.

— சரிக்கா. வேணாம்.

— சரின்னுட்டா ஆச்சா? இதெல்லாம் எங்க ஆரம்பிச்சுது, சொல்லு பாப்போம். உன் வீட்டு பாத்ரூம்ல. சோப்புத் தண்ணிய அப்படியே தரையில விட்டுட்டுப் போனாளே உன் பொண்டாட்டி மகராசி, அடுத்தவங்க வந்து தொடச்சுக்குவாங்கன்னு. அதுல வழுக்கித்தான அம்மா இடுப்ப ஒடிச்சுக்கிச்சு.

— அவ சோறு தண்ணி இல்லாம அழுதுக்கிட்டுக் கிடக்கா. இன்னும் எத்தன நாளைக்கு இதையே சொல்லுவ?

— அம்மா எந்திரிச்சு நடக்குற வரைக்கும் சொல்லுவேன். நடக்காட்டி, நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன். இந்தப் பெட்டிய எங்கேர்ந்து எடுத்த?

— பாலத்துக்கிட்ட இருக்குற பெரிய ஆஸ்பத்திரி. கம்பெனிக்குக்கூடப் போகல, அவசரம்னு நேரா இங்க கொண்டாந்துட்டேன்.

— நினைச்சேன். மாடி மேல மாடியாக் கட்டத் தெரியுது, ஒரு குழாயக் கழுவத் தெரியல. பெட்டிக்குப் போடுற பிளாஸ்டிக் பூட்டுகூடப் போடாம அனுப்பியிருக்காங்க. வேற யாரும் கொண்டாந்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா காரியமாச்சேன்னு பேசாம வாங்கினேன்.

— பூட்டு இருந்துச்சுக்கா. உனக்கு நேரம் மிச்சமாகட்டும்னு வண்டியிலயே நான்தான் வெட்டினேன்.

— வெட்டுவ, வெட்டுவ. ஒரு நாளாவது உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கியா? சரி, மேல போ. இன்னிக்கும் இல்லம்மான்னு நீயே சொல்லு, எனக்குத் தெம்பில்ல. அந்த ஆஸ்பத்திரி பேரையும் சேத்துச் சொல்லு.

— பேரெல்லாம் எதுக்குக்கா.

— ஏன், அவங்க உனக்குச் சம்பந்தியா? நாம ரெண்டு பேரும் கையாலாகாததுங்கன்னு அம்மா நினைக்கணுமா? யாரு கழுவாம அனுப்பினாங்களோ அவங்கள நினைச்சு வயிறெரியட்டும். உன் பொண்டாட்டி மாதிரியே ஒருத்தி அங்கயும் இருக்கா. இரு, இப்பவே போன்ல கூப்பிட்டு, அவ நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.

— போன் பண்ணாதக்கா.

— பண்ணினா என்னடா? உனக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுக்குது?

— அது வந்து... அங்க ஆபரேஷனுக்கு இருந்த நோயாளிக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ஆபரேஷனே நடக்கல. பெட்டிய அவங்க திறக்கவே இல்ல.

— திறக்காத பெட்டிக்குள்ள ரத்தம் எப்படி வரும்?

— இந்தா, நான் வெட்டின பூட்டு. பச்சை, இந்த ஆஸ்பத்திரில உங்க ரூம் மட்டும் போடுற கலர். போன வாரம் இதே கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தேன். நீதான் இந்தப் பெட்டியப் பூட்டி என் கையில குடுத்தக்கா, "நேரமில்லடா, அங்க கழுவிக்குவாங்க, எடுத்துட்டுப் போ"ன்னு.