களைப்பே இல்லாத டீம்

அடையாறிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. ஆனாலும் மாநில ரக்பி அணியின் பனியன் போட்ட இரண்டு பேர், ஆளுக்கொரு பீரோ அளவில், கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"உக்காரு மச்சி," என்றான் குட்டையானவன்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. தொடை கல்லு மாதிரி கீது."

"காலைல கோச் கேட்டப்பவே டயர்டா கீதுன்னு சொல்றதுதானே?"

"போன வாரம் அப்டி சொன்னவன டீம்லேர்ந்தே தூக்கிட்டாரு. நீ மட்டும் இன்னா சொன்னே?"

"ஃப்ரெஷ்ஷா கீறேன் சார்னேன்."

"அத்தினி பேரும் அதத்தான் சொன்னோம். ஒருத்தனும் களைக்கலியா, அப்ப பயிற்சி பத்தலன்னு நாளைலேர்ந்து டபுளாக்கிட்டாரு."

லஸ் கார்னரில் இருவரும் முனகிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

"சீக்கிரம் எறங்குங்கப்பா! வயசுப் பசங்க இப்டியா? காலைல எழுந்து கொஞ்சமாச்சும் ஓடுங்க!"