அண்ணி வீட்டுக் கேட்டில் என் கை

— மனுஷன் கடல் தாண்டிப் போறதுக்கு இதுவரைக்கும் மூணே காரணம்தான் இருந்திருக்கு, ஜோவெலின். பசி, போலீஸ், பொண்டாட்டி. நாலாவது காரணத்தை நான் கண்டுபிடிச்சிருக்கேன். எழுதி வச்சுக்கோ. பேனர்.

— காப்பியைக் குடிங்க, ஆறுது.

— பதினாறு அடி உசரம், இருபது அடி அகலம். கனடா விசா கைக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலமே நம்ம கேட்டுல ஏறணும். எங்க அண்ணி அவங்க வாசல்ல நின்னு பாத்தா வானம் தெரியக் கூடாது. நாம நாலு பேர் மட்டும்தான் தெரியணும்.

— நம்ம கேட்டே ஆறடிதான்.

— நான் வெல்டர். கேட்டை வளத்துக்குவேன்.

— அது சரி. நான் கேக்க வந்ததே வேற. அந்த ஊர்ல குளிர் மைனஸ் முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. இங்க ஃபேனை மூணுல வச்சாலே பியாவுக்கு மூக்கு ஒழுகுது.

— ஒழுகட்டும். அதையும் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்புவோம். வெளிநாட்டுச் சளி.

— கிளாஸ்ல அவளுக்கு இருக்கறதே ஒரு சிநேகிதி. அவளையும் கூட்டிட்டுப் போலாமான்னு கேக்கறா. ஆறு வயசுப் பிள்ளைகிட்ட நான் என்ன சொல்ல?

— பேனர்ல இடம் இல்லன்னு சொல்லு.

— நான் அந்தக் குளிரைப் பத்திப் பேசறேன். காய வச்ச துணி அப்பளமா நிக்குமாம். கருவாடு வறுத்தா பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவானாம். நான் இந்த ஊர் சுகாதார நிலையத்துல நானூறு பிரசவம் பாத்தவ. அங்க என் சர்டிபிகேட்டுக்கு மதிப்பே இல்ல, ஹோட்டல்ல தட்டு கழுவணும். இதெல்லாம் ஒரு தடவையாவது உக்காந்து யோசிச்சீங்களா?

— யோசிச்சேன். கீழ ஒரு வரி போடலாம்னு இருக்கேன். "இடம் போதாமல் விடுபட்டவர்கள்: அண்ணன் ரெய்னால்டோ, அண்ணி ஹெர்மினியா, அவர்கள் மகள் சாரிஸ் மற்றும் நாய்."

— ஐயோ. அடுப்புப் புகையா இருக்கு, ஜன்னலையாவது திறக்கறேன்.

— திறக்காத! திறந்தா சாரிஸ் பல்லு.

— அதுக்காக மூச்சு முட்டிச் சாகணுமா?

— எட்டு மாசம் ஆச்சு அண்ணி வீட்டுக் கேட்டுல அந்தப் பேனர் ஏறி. லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போனா, சரி, வாழ்த்தறோம். வெயில்ல வெளுத்து முகமே போயிடுச்சு, கண்ணு போயிடுச்சு. பல்லு மட்டும் போகல. காலையில கண்ணு முழிச்சா முப்பத்திரண்டு பல்லு என்னைப் பாத்து "குட் மார்னிங் சித்தப்பா"ங்குது. மேல என்ன எழுதியிருக்கு, படி.

— எனக்கு மனப்பாடம்.

— "எங்கள் குடும்பத்தின் பெருமை." எங்கள்னா யாரு? அதுல யார் யார் இருக்காங்க, சொல்லு.

— உங்க அண்ணன், அண்ணி, சாரிஸ், அண்ணியோட தங்கச்சிங்க ரெண்டு பேர். அப்புறம் நாய்.

— நாய்! நாய்க்கு இடம் இருந்திருக்கு. நான்?

— உங்க கை இருக்கு.

— நாலு விரல். அண்ணன் தோள் மேல. மணிக்கட்டோட சரி, அதுக்கு அப்புறம் வாழை மரம். பாக்கறவன் என்ன நெனப்பான்? அண்ணனுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நெனப்பான். அன்னைக்கு வழியனுப்பு விருந்துல ஆறு மணி நேரம் நெருப்புகிட்ட உக்காந்து பன்னியைக் கம்பியில சுத்துனது இந்தக் கைதான். அந்தப் பேனர் தொங்கற கேட்டை அடிச்சுக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

— நம்ம சின்னவன் ஜுன்ஜுனோட செருப்புக் கால் ஒண்ணும் இருக்கு. என்னையும் பியாவையும் சுத்தமாத் துடைச்சுட்டாங்க.

— அதைத்தான் சொல்றேன்.

— ஒண்ணு சொல்லட்டுமா? கத்தக் கூடாது. நேத்து பியா ஸ்கூல் பிள்ளைங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்து அந்தக் கேட்டு முன்னாடி நிக்க வச்சிருந்தா. எக்கி எக்கி விரலால காட்டறா, "அது எங்க அப்பா கை"ன்னு. வருத்தமா இல்லங்க. பெருமையாத்தான் சொன்னா.

— அகலம் இருபது பத்தாது. இருபத்திரண்டு.

— சரி, நாம நாலு பேரும் கனடா போயிட்டோம். பேனர் இங்க தொங்குது. அதைப் பாத்து அண்ணி முகம் சுருங்குது. அதை நீங்க எப்படிப் பாப்பீங்க?

— என்ன?

— நீங்கதான் இங்க இல்லையே.

— ...பிரின்டிங் கடை பொயெட்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி சுருங்கும் இல்ல?

— உங்களை வச்சுக்கிட்டு நான் எந்த நாட்டுல குடித்தனம் பண்ணறது? இங்க பாருங்க, என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. இந்தப் பயணத்துக்கு நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்?

— ஜுன்ஜுன் காதுக்கு.

— ஜுன்ஜுன் காதுக்கு. அவனுக்கு வேற எந்தக் குறையும் இல்ல, காது மட்டும்தான் கேக்கல. இங்க இலோய்லோ பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டுப் போனா "அஞ்சு வயசு ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்"ங்கறாங்க. அங்க மூணு வயசுலேயே கையால பேசச் சொல்லித் தராங்களாம். பெத்தவங்களுக்கும் சேத்து. அவன் அழறப்போ எதுக்கு அழறான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். அதுக்குத்தான் தட்டு கழுவப் போறேன். உங்க பேனருக்கு இல்ல.

— எனக்கும் அதுதான் முதல் காரணம். பேனர் அதுக்கு மேல வைக்கற வெண்ணெய்.

— அப்போ கேளுங்க. நேத்து நீங்க குளிச்சிட்டிருந்தப்போ ஏஜென்ட் அகுஸ்தின் போன் பண்ணார்.

— என்னவாம்?

— ஜுன்ஜுன் பேரைச் சேத்தா அவனுக்கு ஒரு பரிசோதனை, அதுக்கு ஒரு விளக்கக் கடிதம், அப்புறம் இன்னொரு பரிசோதனை. எல்லாம் முடிய அடுத்த வருஷக் கடைசி ஆகுமாம். உங்களை வேலைக்கு எடுத்த கனடா முதலாளி பரவாயில்ல, காத்திருக்கேன்னு சொல்லிட்டாராம்.

— நல்ல மனுஷன்.

— சேக்காம விட்டா இந்த நவம்பர்லேயே கிளம்பிடலாமாம். அவனை அப்புறம் கூப்பிட்டுக்கலாமான்னு கேட்டேன். "பேப்பர்ல இல்லாத பிள்ளையை எப்படிம்மா கூப்பிடுவீங்க, முடியாமலே போகலாம்"னார். இதையும் சொல்லிட்டு, "நவம்பர் போடட்டுமா?"ன்னும் கேக்கறார்.

— நீ என்ன சொன்ன?

— போனை வச்சுட்டேன்.

— சரியாச் செஞ்ச! டெல்ஃபினை யாருன்னு நெனச்சான் அவன்? பெத்த பிள்ளையை வெட்டிட்டு மிச்சப் பேரைக் காட்டிப் பல்லை இளிக்கறதுக்கு நான் என்ன ஹெர்மினியாவா? எழுதி வச்சுக்கோ. போனா நாலு. இல்லன்னா பூஜ்யம்.

— அப்போ உங்க பேனரும் அடுத்த வருஷம்தான்.

— இருக்கட்டும். மாங்காயும் பழியும் ஒண்ணு. ஊறினாத்தான் ருசி.

— டெல்ஃபின் தம்பி! கேட்டைத் திற, ரெண்டு கையும் ரொம்பி இருக்கு!

— அண்ணி வராங்க. முகத்தைச் சரி பண்ணுங்க. உங்களைத்தான். சிரிங்க.

— சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அது சிரிப்பு இல்ல. வாங்க அக்கா, வாங்க, உக்காருங்க.

— உக்கார எனக்கு எங்க நேரம், ஜோவெலின்? இந்தா, பிபிங்கா. முந்தாநாள் சுட்டது. எங்க வீட்டுல யாரும் தொடல. தேங்காய் போட்ட பண்டமாச்சே, வீணாப் போகுதேன்னு நெனச்சேன், உடனே உங்க ஞாபகம் வந்துச்சு.

— ரொம்ப நன்றிக்கா.

— நான் யாரையும் குறை சொல்றவ இல்ல. ஆனா ஊரு பூரா கனடா கனடான்னு ஒரே பேச்சு. சின்னவனை வச்சுக்கிட்டு எப்படி? அவங்கல்லாம் பாத்துத்தானே எடுப்பாங்க. நம்ம ஊர் மாம்பழத்தைக் கப்பல்ல ஏத்தும்போது பாக்கறாங்களே, அப்படி. ஒரு புள்ளி இருந்தாப் போச்சு, தனியா எடுத்து வச்சிருவாங்க.

— அவன் மாம்பழம் இல்லக்கா.

— ஐயோ, தங்கம் அவன்! நான் மாம்பழத்தைத்தான் சொன்னேன். பயணம் எப்போ தம்பி?

— அடுத்த வருஷக் கடைசி, அண்ணி.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்த. உங்க அண்ணன் ஒரு வாரமா இதே கவலை. ஜனவரித் திருவிழாவுக்குச் சாரிஸ் வரா, கட்டிக்கப் போற வெள்ளைக்காரப் பையனோட. மூணு பன்னி சொல்லியாச்சு. கம்பி சுத்த ஆள் வேணுமே! நான்தான் சொன்னேன், கவலைப்படாதீங்க, நம்ம டெல்ஃபின் எங்க போகப் போறான்னு.

— மூணு பன்னியா?

— ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு வச்சுக்கலாம். நீதான் நெருப்புகிட்ட அசையாம உக்காருவியே. அப்புறம் பேனரும் மாத்தறோம். பெருசு. இருபத்திநாலு அடி.

— இருபத்திநாலா?

— கேட்டு தாங்காதுன்னு பொயெட் சொல்றான். நீ வந்து ரெண்டு பக்கமும் ஒரு கம்பியை நட்டு வெல்டு அடிச்சுக் கொடுத்துடு. வீட்டு வேலைதானே.

— அண்ணி. போன தடவை அந்தப் படத்துல என் கை மட்டும் இருந்துச்சு.

— அட, அது உன் கையா? என் தங்கச்சி புருஷனோடதுன்னுல்ல நெனச்சேன்! அகலம் பத்தல தம்பி. யாரையாவது எடுத்தே ஆகணும்னு பொயெட் சொல்லிட்டான். நாய் நடுவுல உக்காந்திருந்துச்சு, அதை எடுத்தா குடும்பமே ரெண்டாப் போயிருக்கும். நீங்க ஓரத்துல நின்னீங்க. யார் மேலயும் தப்பு இல்ல.

— இருபத்திநாலு அடியில இடம் இருக்கும் இல்லக்கா? பியா கேப்பா.

— இருக்கும், இருக்கும். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வராங்க. அதுவும் இல்லாம, படம் எடுக்கற நேரத்துல தம்பி பன்னிகிட்டல்ல இருப்பான்? கரியும் வேர்வையுமா அவனை நிக்க வச்சா அவனுக்குத்தான் கூச்சம். சரி, நான் வரேன். பிபிங்கா பாத்திரத்தைக் கழுவி அனுப்பு. தேய்க்கறப்போ பாத்து, லண்டன் பாத்திரம்.

— போயிட்டு வாங்கக்கா. அவங்க கேட்டைத் தாண்டிட்டாங்க. இப்போ கத்துங்க. நான் காதைப் பொத்திக்கறேன்.

— ...

— ஏங்க? அந்த பிபிங்காவைக் கோழிக்குப் போட்டுடவா?

— போடு.

— ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? நீங்க கத்தினாக்கூட எனக்குப் பயம் இல்ல.

— யோசிக்கறேன்.

— ஜனவரி ஒரு நாள் கூத்து. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்குங்க, நான் போய்ச் சமாளிக்கறேன். அடுத்த வருஷம் கிளம்பறதும் ஒரு விதத்துல நல்லதுதாங்க. அதுக்குள்ள அவனுக்கு இங்கேயே நாலு சைகை பழக்கிடலாம். நான் போன்ல பாத்துப் பாத்துச் சொல்லித் தரேன். பாலுக்கு ஒண்ணு காட்டறான். எனக்கு ஒண்ணு. உங்களுக்கு இன்னும் வரல, குழப்பிக்கறான். வந்துடும்.

— ம்.

— டான்ஸ் பிராக்டிஸ் முடிஞ்சிருக்கும், பியாவைக் கூட்டிட்டு வந்துடறேன். இவனை மடியில வச்சுக்குங்க. கீழ இறக்காதீங்க, உங்க வெல்டிங் குச்சியை எடுத்து வாயில வச்சுக்குவான்.

— கொடு.

— பத்து நிமிஷம்.

— மெதுவாவே வா.

— ...

— ஹலோ, அகுஸ்தின் சாரா? டெல்ஃபின் பேசறேன்.

— இல்ல சார், அவ வெளிய போயிருக்கா. தனியாத்தான் இருக்கேன், பேசலாம்.

— அழுகையா? அது சின்னவன், மடியில இருக்கான். அதனால ஒண்ணும் இல்ல. அவனுக்குக் கேக்காது.

— நவம்பர்னு சொன்னீங்களாமே, உறுதியா நவம்பர்தானா? ஜனவரி திருவிழா அன்னைக்கு நான் இந்த மண்ணுல இருக்கக் கூடாது.

— சொன்னா. அப்புறம் கூப்பிட முடியாமலே போகலாம்னு சொன்னா. எனக்குப் புரியுது சார்.

— அவனை என் அண்ணி பாத்துக்குவாங்க. பக்கத்து வீடுதான்.

— அவ கையெழுத்தா? நான் வாங்கித் தரேன். நான் நீட்டினா அவ படிச்சுப் பாக்க மாட்டா.

— இல்ல சார், லைன்லதான் இருக்கேன். பையன் போனைப் பிடுங்கறான். பேரை எழுதிக்கோங்க. டெல்ஃபின். ஜோவெலின். பியா.

— அவ்வளவுதான். மூணு பேர்.