முப்பத்தேழாம் முகவரி

கடிதம் எழுதினால் வலது மேல்மூலையில் தேதியோடு நேரத்தையும் போடுவது என் வழக்கம். பவானியில் ஏழாம் வகுப்பில் பழகியது, இன்னும் விடவில்லை. ஆகவே, நீங்கள் எதைக் கேட்டாலும் நேரம் சொல்லிவிடுவேன், சார்.

கருமத்தம்பட்டியில் எங்கள் நூற்பாலையின் கணினி, கேமரா, புகை வந்தால் கண்டுபிடிக்கும் புகைக்கருவி எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு புகைக்கருவிக்கும் கதவிலக்கம் மாதிரி ஒரு ஐபி முகவரி உண்டு. அதன் கடைசி எண் 1 முதல் 200-க்குள் இருந்தால், புகை வந்ததும் அபாயமணி அடிக்க வேண்டும். அந்த புரோகிராமை எழுதியவர் மேலாளர் கிருபாசங்கர், முதலாளியின் மருமகன். எண்ணை எண்ணாக ஒப்பிடாமல் எழுத்தாக ஒப்பிட்டுவிட்டார். அகராதியில் சொல் தேடுவது போல முதல் எழுத்தைப் பார்த்தால், 3-இல் தொடங்கும் 37, 2-இல் தொடங்கும் 200-க்கும் பின்னால் போய்விடும். வரம்புக்கு வெளியே என்று தள்ளிவிடும். புகை வரும், மணி அடிக்காது.

பழைய கட்டடத்தில் 11 முதல் 19 வரை மட்டும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புதிய ஷெட்டுக்கு 31-இலிருந்து கொடுத்தபோது நான் கண்டுபிடித்தேன். ஒரு வரியைத் திருத்தினால் போதும். அந்த அனுமதி அவரிடம் மட்டும் இருந்தது. பதினொரு கடிதம் எழுதினேன்.

"ஏனுங்க கோபாலண்ணா, வாயில சொன்னாப் பத்தாதுங்களா? கலெக்டருக்கு மனுக் குடுக்கற மாதிரி எளுதறீங்க" என்றார். ஆபீசே சிரித்தது. "புது ஷெட்டுல இன்னும் மிசினே எறங்கலீங்க. அங்க என்னத்த பத்தி எரியப் போகுது?"

என் ஆறாம் கடிதத்தில் யாரோ வடையின் எண்ணெயை ஒற்றியிருந்தார்கள்.

இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. காலி ஷெட்டில் எதை நிரூபிப்பது? ஆகவே பஞ்சு குடோனில் இருந்த கருவியின் முகவரியை 12-இலிருந்து 37-க்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கழிவுப் பஞ்சில் செருகினேன். மணி 1.20.

இருக்கைக்குத் திரும்பினேன். சிறிது நேரத்தில், 37 ஏற்கப்படவில்லை என்று திரையில் வரிவரியாக ஓடியது. மணி அடிக்கவில்லை. நான் எழுதியது அத்தனையும் சரி. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் என் மனம் அமைதியாக இருந்தது.

சுவரிலிருந்த அபாயமணிப் பொத்தானைக் கையால் அழுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அழுத்தினால் அடித்துவிடும், சார். "பாருங்கண்ணா, மணி அடிக்குதுங்களே" என்று சொல்லி அவர் முடித்துவிடுவார்.

ஆலையில் வேலை பார்த்த ரூபினா அந்த குடோனில் படுத்திருப்பது தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். அந்தப் பெண்ணுக்கு இடுப்புவலி. சாப்பிட்டதும் பொதிகளுக்குப் பின்னால் போய்ச் சாய்ந்துகொள்வார். "அண்ணா, பத்து நிமிசம் கண்ணசந்துக்கறனுங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப்போடாதீங்க" என்பார். நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்காம் கடிதத்தில்கூட, குடோன் ஆள் படுக்கும் இடம் என்று அடிக்கோடிட்டேனே தவிர, அவர் பெயரை எழுதவில்லை.

பன்னிரண்டாம் கடிதத்தை 1.24-க்கு ஆரம்பித்து 1.41-க்கு முடித்தேன். வெளியே சத்தம் கேட்டது. ஒருமுறை படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். ஊதுபத்தியை வைத்தது நான், முகவரியை மாற்றியது நான், பார்த்துக்கொண்டிருந்தது நான். எதையும் மறுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் 27 என்று இருக்கிறது. அது 37. திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஓர் எண்ணில் இப்படி அசட்டையாக இருந்ததால்தானே, சார், அந்தப் பெண் செத்துப்போனது.