அறுப்பு மிஷின் அல்ல, படகு விஞ்ச்

எனது பெயர் ஃபிளோரா, வயது 27, தகப்பனார் பெயர் ஜோசப்ராஜ். குடவாசல் வட்டத்தில் குடியிருந்து, மயிலாடுதுறையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 06.11.2024 அன்று மருத்துவமனையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். என் தம்பி டேவிட்சனின் வலது கை படகில் நசுங்கியது என்று நான் சொல்லவில்லை.

அன்று காலை தரங்கம்பாடியிலிருந்து ரெத்தினம் என்பவரின் விசைப்படகில் தம்பி வலை இழுக்கும் வேலைக்குப் போயிருந்தான். வலைக்கயிற்றை இழுத்துச் சுற்றும் விஞ்ச் மிஷினின் உருளையில் கயிறு சுற்றும்போது கை உள்ளே போய்விட்டது. உருளைக்கு மூடி கிடையாது. கரைக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. தகவல் கிடைத்து நான் மருத்துவமனைக்குப் போனபோது ரெத்தினம் என்னை வாசலிலேயே மறித்து, "கடல்னு சொன்னா போலீஸ் கேஸ். போலீஸ் வர்ற வரைக்கும் கையைத் தொட மாட்டாங்க. நெல்லு அறுப்பு மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடும்மா" என்றார். நான் நம்பினேன். அதன் பிறகு அவரே டாக்டரிடம் அப்படிச் சொன்னார், பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்கள், நான் பக்கத்தில் நின்றேன். தம்பியின் சட்டையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் சம்பா நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறுக்க ஒரு கதிர் கிடையாது. மிஷின் வந்து அறுப்பு வேலை போன பிறகுதான் அவன் கடலுக்கே போனான்.

மூன்றாம் நாள் மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். எந்த விபத்தானாலும் சிகிச்சையை உடனே தொடங்கிவிடுவார்கள் என்று ஒரு நர்ஸ் அன்றுதான் எனக்குச் சொன்னார். கடலுக்குப் போவோர் பட்டியலில் தம்பியின் பெயரையே ரெத்தினம் எழுதவில்லை என்பதும் அதன் பிறகு தெரிந்தது.

அதன் பிறகு வக்கீல் தேடினேன். மயிலாடுதுறையில் முதலாமவர், "ரோட்டுல அடிபட்டிருந்தா நாளைக்கே போட்டுடலாம்மா. கடலுக்கு நான் எந்தக் கோர்ட்டைத் தேடுறது?" என்றார். இரண்டாமவர் ரெத்தினத்தின் வக்கீல் என்பது டீ வந்த பிறகு தெரிந்தது. குடிக்காமல் எழுந்தேன். அன்று மாலையே ரெத்தினம் போன் செய்து, "படிச்ச பொண்ணாச்சே, நடுக்கடல்ல நெல்லு அறுத்தாங்கன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லு" என்று சிரித்தார்.

கடைசியாக நாகப்பட்டினத்தில், கப்பல் ஊழியர் வழக்குகளை நடத்தும் வக்கீல் ஹலீமா அவர்களைச் சந்தித்தேன். மருத்துவமனைப் பதிவேட்டின் நகலைப் படித்துவிட்டு, "இதை எழுதுனப்ப பக்கத்துல யாரு இருந்தா?" என்றார். "நான்தாங்க" என்றேன். "அப்ப நீங்கதான் ஸ்டேஷன்ல போய் உள்ளதைச் சொல்லணும். அன்னைக்கு ஏன் வாயைத் திறக்கலைன்னு உங்களையும் கேப்பாங்க. கேக்கட்டும்னா கேஸை எடுக்கிறேன்" என்றார். கேட்கட்டும் என்றேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொல்லாமல் விட்டது "தவறுதலாக" என்று ஓரிடத்தில் இருந்ததை அடிக்கச் சொன்னேன்; அடித்தார்கள். மீதி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) ஜோ. ஃபிளோரா
02.12.2024

குறிப்பு: மேற்படி வாக்குமூலத்தின் பேரில் வழக்குப் பதிவு செய்து, மறுநாள் டேவிட்சனுடன் சென்று படகைப் பார்வையிட்டேன். விஞ்ச் கழற்றப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தை அவர் இடது கையால் காட்டினார். அங்கு அடித்திருந்த பெயின்ட் காயவில்லை.

(ஒப்பம்) சார்பு ஆய்வாளர்