அண்ணனுக்குக் கலந்த கொக்கோ

சத்தமில்லாமல் குடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. சூடு ஆறும்வரை பொறுத்தால் போதும். என் அண்ணனுக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. உறிஞ்சுவார். உறிஞ்சிவிட்டு 'ஹா' என்பார். மீசையில் தொங்கும் பாலாடையை நாக்கால் வழித்து உள்ளே இழுப்பார். நக்கிய கரண்டியை அப்படியே சர்க்கரை டப்பாவில் விடுவார். அவர் வீட்டில் இருந்துகொண்டு, அவர் சோற்றைத் தின்றுகொண்டு இதை எப்படிச் சொல்வது? எனக்குக் குமட்டும், எழுந்துவிடுவேன்.

போன வருஷம் அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. "காபி, டீ ரெண்டையும் மறந்துடுங்க" என்றார் டாக்டர். எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஆனால் மழை விட்டும் தூவானம் விடவில்லை; மனிதர் கொக்கோவுக்கு மாறினார்.

"காபியில இருக்கற அந்தக் கஃபீன் இதுல ரொம்பக் கம்மிடா. ஒரு கப் குடிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றார். கெட்டிப் பானம் வேறு. சத்தம் இரட்டிப்பானது.

நான் வேலை பார்க்கும் ஆலையில் காபிக்கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுக்கிறோம். தூக்கம் கெடுக்காத காபி என்று கொட்டை விற்பனைக்குப் போகும்; பிரிந்தது வெள்ளைப் பொடியாகப் பீப்பாயில் சேரும். கொஞ்சம் எடுத்துவந்தேன். கடிந்து பேசி அண்ணன் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. மாலைக் கொக்கோவை இனி நானே கலக்கிறேன் என்றேன்.

"என்ன தம்பி, அதிசயமா இருக்கு" என்று அண்ணி சிரித்தார்.

படபடப்பு வரும், டாக்டர் கொக்கோவையும் நிறுத்தச் சொல்வார், வீடு அமைதியாகும். அவ்வளவுதான் நான் நினைத்தது. படபடப்பு வந்தது. அண்ணன் டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. நானும் பொடியைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அன்று கடைசி மடக்கை உறிஞ்சியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. அண்ணி அதை வெறும் விரலால் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க தம்பி" என்றார். கூப்பிட்டேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

நேற்று அண்ணன் சாவைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது அண்ணி உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். "வாயில வைக்க முடியாத கசப்புன்னு என்கிட்ட சொல்வார். தம்பி ஆசையா கலந்து குடுக்கறான், மிச்சம் வச்சா மனசு நொந்துடும்னு சொட்டு விடாம குடிச்சுடுவார்."

கசக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். நான் என்ன கல்நெஞ்சக்காரனா, ஐயா? இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருப்பேன்.